எந்தப் பேனா

மன்னார்குடி ஜபருல்லா ஸ்டோர்ஸில்
ஒரு பேனாவைக் கையில் எடுத்ததும்
நான் கேட்பது விலையை இல்லை.
வழுக்குமா?

அட்டை அப்படி வழவழப்பு.
அதில் இளங்கார்த்தி
கோட்டைத் தொடக் கை நீட்டிப் பாய்ந்தபடி இருக்கிறான்,
இரண்டு கேட்சர்கள் காலில் தொங்க.
கருநீல ஜெர்சி. பின்னால் இருட்டு.
கையெழுத்துக்கு இடம் தேடினால்
இடது மூலையில் கொஞ்சம் மஞ்சள் மேட்,
தீப்பெட்டி அகலம்.

பால்பாயிண்ட் பள்ளம் போடும், மை விடாது.
நாள் முழுக்க நான் எழுதுவது அதில்தான்.
நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர்:
பெயர், சிட்டா எண், சிப்பம், ஈரப்பதம் பதினேழு.
கார்பன் தாளுக்கு அழுத்தம் பிடிக்கும்.
அட்டைக்குப் பிடிக்காது.

ஜெல் பேனா அழகாய் எழுதும்,
விடியும்வரை காயாது.
போன வருஷம் உள்ளிக்கோட்டையில்
ஒரு கேட்சரின் பெயர் முழுவதும்
என் கட்டைவிரலில் ஏறி வீட்டுக்கு வந்தது.
அந்த மாசமே அவனுக்கு முட்டி போய்விட்டது,
இனி இறங்க மாட்டானாம்.
அந்தக் கையெழுத்தை நான்
ரசத்தோடு பிசைந்து சாப்பிட்டிருக்கிறேன்.

அதனால் இந்தத் தடவை வெள்ளிப் பெயிண்ட் பேனா.
நூற்று நாற்பது ரூபாய்.
குலுக்க வேண்டும், உள்ளே ஒரு குண்டு கடகடக்கும்.
ரசீதின் முதுகில் முனையை அமுக்கி
இரண்டு கோடு இழுத்து ஊறவிட வேண்டும்.
அவசரப்பட்டால் முதல் எழுத்திலேயே சொட்டி
ஆளின் மூக்கை மூடும்.
அட்டையில் பவுடர் தொட்டுப் பஞ்சால் துடைத்தால்
பளபளப்பு கொஞ்சம் இறங்கும்.
இது இரண்டு அட்டையைப் பாழாக்கித் தெரிந்தது.

தை மாசம், வடுவூர், ராத்திரி ஒன்றே முக்கால்.
அஞ்சுகமும் நானும் ஸ்கூட்டியில் போயிருந்தோம்.
ஃபைனல் முடிந்தபோது
லைட் கம்பத்தைச் சுற்றிப் பனி
மாவு சலித்ததுபோல் இறங்கிக்கொண்டிருந்தது.
அட்டை துப்பட்டாவுக்குள்.
பேனா உள்ளங்கைக்குள், சூடாக.
குலுக்கியாயிற்று. ஊறவிட்டாயிற்று.

வந்தான்.
தோளில் ஐஸ் மூட்டை.
வலது கையில் மூன்று விரலையும் சேர்த்து
வெள்ளை டேப் சுற்றியிருந்தது.
நான் அதை மட்டும் யோசிக்கவில்லை.

பேனா நிற்கவில்லை அந்தக் கையில்.
வாங்கினான், நழுவிற்று,
தண்ணீர் தெளித்த களத்தில் முனை குத்தி நின்றது,
நாற்று மாதிரி.
"தடியா ஒண்ணும் இல்லியாக்கா?"

இருந்தது. பையில்.
சாக்கில் தேதி போடும் மார்க்கர்,
கட்டைவிரல் மொத்தம்.
இது பரவும், இது அட்டைக்கு இல்லை,
இதுக்கு மஞ்சள் மூலை போதாது
என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
மூடியைப் பல்லால் கடித்து இழுத்து
உலக்கை பிடிப்பதுபோல் பிடித்துவிட்டான்.

மஞ்சளில் ஆரம்பித்தான்.
கேட்சர்கள் இருவர்மேலும் ஏறி,
தன் முழங்காலைத் தாண்டி,
நெஞ்சைத் தாண்டி,
முகத்தின்மேல் ஒரு சுழி போட்டு
அட்டையின் விளிம்பைத் தாண்டி
என் சுண்டுவிரல் நகத்தில் புள்ளி வைத்து நிறுத்தினான்.
"காயட்டுங்க்கா" என்றான்,
எனக்கே.

"என்னடி இது,
சிப்பத்துல போட்டாப்ல போட்டுட்டான்"
என்று அஞ்சுகம் வழியெல்லாம் சிரித்தாள்.
கருநீலத்தில் கறுப்பு.
நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை.
டியூப்லைட்டுக்கு அடியில் சாய்த்தால்
ஈரம்போல் மினுங்கும் பெயர்.
முகம்தான் இல்லை.

வெள்ளிப் பேனாவைக் கழுவிப் பார்த்தேன்.
வண்டல் உள்ளே போய்விட்டது, எழுதவில்லை.

மறுநாள் காலை முதல் லோடு.
மார்க்கரின் முனை
அவன் அழுத்திய பக்கமே மடங்கியிருந்தது.
அன்று போன நானூறு சிப்பத்திலும்
தேதி கொஞ்சம் சாய்ந்தே விழுந்தது.
கண்காணிப்பாளர் கேட்டார்.
பனி சார், என்றேன்.